1992: கேட்டதும் பார்த்ததும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



ஓராண்டில் வெளிவந்த படங்களிலும் பாடல்களிலும் மனத்துக்கு உகந்தவற்றைப் பற்றிப் பேசும்படி கேட்கப்பட்டபோது, நான் 1992 ஆம் ஆண்டைத் தெரிவுசெய்தேன். தமிழ்த் திரையிசையின் போக்கு மாறிய ஆண்டு அது என்பது ஒரு காரணம். அந்த மாற்றத்தை மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து, பதின்மூன்று வயது மாணவனாக நான் கேட்டேன் என்பது மற்றைய காரணம்.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னோட்டத்தைக் கொண்டு வானொலி கேட்டோம். சுற்றும் கை தளர்ந்தால் பாட்டும் அமுங்கிப் போகும். ஆளுக்கு இரண்டு பாட்டு என்று முறை வைத்திருந்தோம். இவ்வாறு கேட்கும் பாட்டை அரைக் காதால் கேட்க முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் கைநோவால் விலை கொடுத்தவர்கள் அல்லவா நாங்கள்!

அந்த ஆண்டின் முற்பகுதி இளையராஜாவுக்கே உரியதாய் இருந்தது. பொங்கலுக்கு வந்த 'மன்னன்', 'சின்னக் கவுண்டர்' ஆகியவற்றின் பாடல்கள் ஊரெங்கும் முணுமுணுக்கப்பட்டன. ஓகஸ்ட் 15 இல் மணிரத்னத்தின் 'ரோஜா' வெளிவந்தது. ஏ. ஆர். ரஹ்மான் என்ற புதிய பெயரை அதனோடுதான் அறிந்தோம். அவருடைய இசையில் பலரும் வியந்து பேசிய ஆழ்ந்த தாள ஒலிகள் எங்கள் சிறிய வானொலிப் பெட்டியில் கேட்கவேயில்லை. எங்களை வந்தடைந்தவை மின்மினியின் குரலும் வைரமுத்துவின் சொற்களுமே. ஒரு கிராமத்துப் பெண் தன் சின்னஞ்சிறு விருப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்லும் அந்தப் பாடலில், அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் ஒன்றும் இல்லை. எளிமையும் அழகாகலாம் என்பதை நான் முதலில் கற்றது அங்கேதான்.

தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. கமல்ஹாசன் எழுதித் தயாரிக்க, பரதன் இயக்கிய படம். கணவன் கேட்க, நாணத்தோடு மனைவி பாடத் தொடங்கும் பாடலை எஸ். ஜானகி பாடியிருந்தார். ஐம்பது வயதைக் கடந்திருந்த அவர், புதுமணப் பெண்ணின் கூச்சத்தைக் குரலிலே கொண்டுவந்தார். அதற்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. வைரமுத்துவுக்கும் 'ரோஜா'வுக்காக அவ்விருது கிடைத்தது. இசையமைப்பாளர் விருதுக்கு 'தேவர் மகன்', 'ரோஜா' இரண்டும் சமமான வாக்குகளைப் பெற்று நின்றன. நடுவர் குழுவின் தலைவர் தம் வாக்கைப் புதியவரான ரஹ்மானுக்கு அளித்தார். அந்தத் தலைவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த நம்மவர், பாலு மகேந்திரா.

படங்களை நாங்கள் பார்த்தது 1993 இல். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரும் டெக்கும் ஒரு வீட்டு முற்றத்துக்கு வந்து சேரும். அயலார் காசு சேர்த்துப் படம் போடுவார்கள். 'தேவர் மகன்' படத்தில் சிவாஜி கணேசன் உரத்துப் பேசாமலே ஒரு தலைமுறையின் கம்பீரத்தைக் காட்டினார். அப்படத்துப் பாடலொன்று பின்னாளில் சாதிப் பெருமை பேசுவோருக்குக் கருவியாயிற்று. ஆனால் படத்தின் முடிவில் நாயகன் ஊராரிடம் வேண்டுவது, வெட்டுக்குத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதே. படத்தின் பாட்டு நிலைத்த அளவுக்கு அதன் புத்திமதி நிலைக்கவில்லை. ஆசிரியன் என்ற முறையில் இது என்னை உறுத்துகின்றது.

'ரோஜா'வைப் பற்றியும் குறை சொல்ல இடமுண்டு. காஷ்மீர் மக்களின் பக்கத்து நியாயம் அதில் போதிய அளவு பேசப்படவில்லை என்று விமர்சகர்கள் கூறினர். அது சரியென்றே நானும் கருதுகிறேன். எனினும் எங்கள் முற்றத்தில் அந்தப் படம் வேறொரு படமாக ஓடியது. கடத்தப்பட்ட கணவனைத் தேடி, தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெண் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். அவள் சொல்வது அங்குள்ளோருக்கு விளங்கவில்லை. தமிழ் தெரிந்த வழிகாட்டி ஒருவனே அவளுக்குத் துணையாகிறான்.

என் மாமி ஒருத்தி எங்களோடு இருந்து அதைப் பார்த்தார். 1990 இல் கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. கிளாலிக் கடலைப் படகில் தாண்டி இரண்டு முறை தேடிப் போய் வந்தவர் அவர். படம் முடிந்ததும் எல்லாரும் பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள். மாமி சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைக்குக் கதைச்சுக் குடுக்க ஒருத்தன் கிடைச்சான்."

கணவன் கிடைத்ததைப் பார்த்தல்ல, மொழி கிடைத்ததைப் பார்த்தே அவர் ஏங்கினார். இந்தக் கதையைச் சாவித்திரி கதையோடு பலரும் ஒப்பிடுவர். எனக்கோ கண்ணகிதான் நினைவுக்கு வருகிறாள். அவள் பாண்டியன் அவையில் தன் சொந்த மொழியில் நீதி கேட்டாள். மன்னனும் அதே மொழியில் அதை விளங்கிக்கொண்டான். தீர்ப்புத் தவறியதை அவன் உணர்வதற்கு அதுவும் ஒரு காரணமன்றோ? வழக்குரை காதையைப் படிப்பிக்கும்போதெல்லாம் இதை மாணவர்க்குச் சொல்வதுண்டு. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. மாமி அலைந்தது அதற்குப் பின்னர்தான். காணாமற்போனவர்களின் உறவினர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 இல்.

எனவே அந்த ஆண்டில் எனக்குப் பிடித்த பாடல் எது என்று கேட்டால், ஜானகியின் பாடலைச் சொல்வேன். பிடித்த படம் எது என்றால் 'ரோஜா' என்பேன். அதன் கலைச் சிறப்பு மட்டும் அதற்குக் காரணமன்று. ஒரு படத்தை எடுத்தவர் நினைத்தேயிராத பொருளை அதைப் பார்ப்பவர் கண்டெடுக்கலாம் என்பதை எனக்குக் காட்டிய படம் அது. இலக்கியம் கற்பிக்க வந்த எனக்கு இதைவிடப் பெரிய பாடம் பின்னர் எந்த விரிவுரை மண்டபத்திலும் கிடைக்கவில்லை.