இரும்பைத் தூக்கும் கைகள்



கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியெல்லாம் கேட், கிரில் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் இயந்திரத்தில் அடிபட்டவர்கள் அல்ல. தகட்டைத் தூக்கும்போது ஓரம் கிழித்தது, ஆங்கிளை இறக்கும்போது விரல் நசுங்கியது என்றே பலரும் சொல்லுகிறார்கள்.

சிதம்பரம் பக்கத்து வாலிபர் ஒருவரை நாங்கள் மறக்கவில்லை. இருவர் பிடித்த தகட்டை மற்றவர் முந்தி விட்டுவிட, அது சரிந்து இவருடைய வலது கட்டைவிரலைத் துண்டித்துவிட்டது. உடன் வேலை செய்தவர்கள் விரலைத் தேடி எடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கெட்டுவிடக் கூடாதே என்று அதை அப்படியே ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்துக் கொண்டுவந்தார்கள். ஐஸ் நேரே பட்டால் சதை உறைந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் பாழாகிவிடும். அந்த விரலை இணைக்க முடியவில்லை. அன்பினால் செய்தார்கள், சொல்லிக்கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

ஆகவே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். இப்படிக் குளிர வைத்த விரல் சுமார் 24 மணி நேரம் தாங்கும். வைக்காவிட்டால் ஏறக்குறைய அதில் பாதி. தசை மிகுந்த முன்கை துண்டானால் இவ்வளவு அவகாசம் கிடையாது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் கட்டைவிரல் இழப்பை 30 சதவீதம் என்று கணக்கிட்டது. சுத்தியல் பிடிக்க முடியாதவனுக்கு அது எந்தக் கணக்கு? சம்பளச் சீட்டே இல்லாத சிறு பட்டறையில் அதையும் கேட்டு வாங்குவது எளிதல்ல.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அதோடு விடவில்லை, தச்சுவேலையும் கற்றுக்கொடுத்தார். கை நிமிர்ந்தால் போதாது, அது சம்பாதிக்கவும் வேண்டுமே.

உங்கள் சபையில் பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். தகடு தூக்கத் தோல் கையுறை வேண்டும். சுழலும் டிரில்லிங் மெஷினிலும் லேத்திலும் அதே கையுறை ஆபத்து, கையையே உள்ளே இழுத்துவிடும். மோதிரமும் அப்படித்தான்.

அந்த வாலிபர் இப்போது இடது கையால் வெல்டிங் பழகுகிறார். அவருடைய பட்டறைச் சுவரில் ஒரு தகர டப்பா தொங்குகிறது. அதற்குள் வெள்ளைத் துணியும் நான்கு பிளாஸ்டிக் பைகளும் இருக்கின்றன.