லயத்தின் முகவரி: மலையகத்திலும் மலாயாவிலும் தோட்டத் தமிழர்



எங்கள் ஊர் முசிறிக்கு வடக்கே இருக்கிறது. என் கொள்ளுப்பாட்டனாருடன் பிறந்தவர்கள் இருவர் மழை பொய்த்த ஒரு காலத்தில் ஊரை விட்டுப் போனார்கள். மூத்தவர் கண்டிச்சீமைக்கு, இளையவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கு. இரண்டு கிளைகளிலிருந்தும் என் சிறுவயது வரைக்கும் கடிதம் வந்துகொண்டிருந்தது. அப்பா கடிதத்தைப் படிப்பார். நான் பின்பக்கத்து முகவரியை எழுத்துக்கூட்டுவேன். அதில் தெருப்பெயர் இருக்காது, கதவிலக்கம் இருக்காது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துத் தபால் நிலையம், அவ்வளவுதான். இரண்டு நாடுகளிலிருந்து வந்த கடிதங்களும் இதில் ஒன்றுபோலவே இருந்தன. அது ஏன் என்று கேட்கத் தோன்றாமலே வளர்ந்துவிட்டேன். பொருளியல் படித்து, பல ஆண்டுகள் பாடம் நடத்தி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

குடியேறிய சமூகங்களை ஒப்பிடுவது ஆபத்தான வேலை. புறப்பட்ட இடம், கொண்டுபோன முதல், படிப்பு, சாதி எல்லாம் வேறு வேறாக இருக்கும். எதன் விளைவு எது என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் இலங்கை மலையகத் தமிழர், மலாயாத் தோட்டத் தமிழர் என்ற இந்த இரண்டு சமூகங்களும் அப்படியல்ல. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, வடஆர்க்காடு என்று ஏறக்குறைய ஒரே நிலப்பரப்பிலிருந்து போனவர்கள். பெரும்பாலோர் நிலமற்ற உழைப்பாளிகள். அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். அழைத்துப் போனவர் இரு பக்கமும் கங்காணி. ஆண்டவர் இரு பக்கமும் ஆங்கிலேயர். கதவு சாத்தப்பட்டதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். மலாயாவுக்குக் கூலியாட்கள் செல்வதை 1938இலும் இலங்கைக்குச் செல்வதை 1939இலும் இந்திய அரசு தடை செய்தது. அதற்குப் பிறகு அவர்கள் வாழ்க்கையில் நடந்த வேறுபாட்டுக்கு ஊரையோ ரத்தத்தையோ காரணம் காட்ட முடியாது.

பயணச் செலவிலிருந்து தொடங்குகிறேன். இலங்கைக்குப் போனவர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை ஆயிரமோ. தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல்தான். வழிச்செலவும் முன்பணமும் கங்காணி கணக்கில் கடனாக ஏறின. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடனைத் தீர்ப்பவருக்கே விடுவோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு மனிதர் ஒரு துண்டுத் தாளில் கைமாறினார். 1921இல்தான் அதைச் சட்டம் ஒழித்தது. மலாயாவிலோ 1907இல் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கிக் கப்பல் கட்டணத்தை அதிலிருந்து கொடுத்தார்கள். இதைக் கருணை என்று நான் சொல்லவில்லை. ரப்பர் விலை ஏறிய வேகத்தில் ஆள் கிடைக்க வேண்டிய அவசரம். ஆனாலும் அந்த நிதி வந்த பிறகு இறங்கிய தொழிலாளி பயணக் கடன் இல்லாமல் இறங்கினார். பெரிய கங்காணி இலங்கையில் ஒரு குட்டி ஜமீன்தாராக வளர்ந்ததற்கும் மலாயாவில் அந்த அளவுக்கு வளராததற்கும் இது ஒரு காரணம்.

அடுத்தது பயிர். மலையகத்தின் முதல் பயிர் கோப்பி. 1869இல் தொடங்கிய இலைநோய் அதை அழித்த பிறகு, ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரவில் பயிரிட்டிருந்த தேயிலை மலைகளைப் பிடித்தது. கோப்பிக்கு ஆள் பருவத்துக்கு வந்து போனால் போதும். தேயிலைக்குக் கொழுந்து வருடம் முழுக்கப் பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களின் விரல் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயம் எனப்படும் வரிசை வீடுகளில் தங்க வைக்க வேண்டும். நம் பெண்கள் கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் ஏறிய அந்த வேலைதான் ஒரு நாட்டின் அந்நியச் செலாவணியைத் தாங்கியது. அவர்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது 1984இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

ரப்பர் அப்படியல்ல. விலை சரிந்தால் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நடலாம். செம்பனைக்குக் குறைந்த ஆள் போதும். தோட்டங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற சமவெளியில், வளரும் நகரங்களின் ஓரத்தில் இருந்ததால், ஒருநாள் நிலத்தின் விலை ரப்பர்ப் பாலின் விலையை விஞ்சியது. மலைச்சரிவில் தேயிலையைப் பிடுங்கி மாளிகை கட்ட யாரும் வரவில்லை. பால்மரக் காட்டுக்கு வந்தார்கள்.

குடியுரிமை விஷயத்துக்கு வருகிறேன். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளர் வாக்கு முடிவைத் தீர்மானித்தது. மறுஆண்டே, சுதந்திரம் பெற்ற நாடாளுமன்றம் இயற்றிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பார்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதற்கான சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக மனு போட்டதில் சுமார் 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு. அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப் போன ரயிலுக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அந்த ரயிலில் வந்தவர்களில் பலர் இன்று நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், மறுபடியும் லயத்தில்தான் குடிவைத்தோம். இதைச் சொல்லாமல் இலங்கையை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

நாடற்றவர் என்ற நிலை முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

மலாயாவில் 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 வரை மண்ணில் பிறந்த குழந்தை நிபந்தனையின்றிக் குடியுரிமையோடு பிறந்தது. பெரியவர்கள் பதிவு செய்துகொள்ள வழி இருந்தது. படிப்பறியாத பலர் பதியாமல் விட்டு, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தினார்கள். 1969இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலேறித் திரும்பினார்கள். அந்தத் துயரம் சிறிதல்ல. ஆயினும் சமூகத்தின் பெரும்பகுதி வாக்காளராக நின்றது. மலேசிய இந்தியர் காங்கிரசுக்கு முதல் நாளிலிருந்தே அமைச்சரவையில் இடம் இருந்தது.

அப்படியானால் மலாயாக் கிளை நிமிர்ந்து, மலையகக் கிளை தாழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? மேலோட்டமான எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. 1970இல் தீபகற்ப மலேசியாவில், அதாவது பழைய மலாயாவில், இந்தியக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 304 மலேசிய வெள்ளி, மலாய்க்காரருடையது 172, சீனருடையது 394. இலங்கையிலோ 2006-07 கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 15.2 விழுக்காடாக இருந்தபோது தோட்டப்புற வறுமை 32 விழுக்காடு. 2016இல் அது 8.8 ஆகக் குறைந்தது. அப்போதும் நாட்டுச் சராசரி 4.1தான்.

ஆனால் 304 வெள்ளி என்ற சராசரியை நான் நம்புவதில்லை. அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தராகப் போனவரின் பேரனான மருத்துவர் இருக்கிறார், தோட்டத்து எழுத்தரான மலையாளிக் கிராணி இருக்கிறார், செட்டியார் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார். பால்மரம் வெட்டியவர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விட்டார். 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தபோது, இனத்துக்கு ஒரு சராசரி என்று பார்த்ததால், இந்தியருக்கு வறுமை பெரிய பிரச்சினை இல்லை என்று தோன்றியது. தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சராசரி இழைத்த கேட்டைப் புள்ளியியல் கற்பித்த நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவந்தேன்.

பால்மரம் வெட்டியவர் காணாமல் போன இடம் எது? புத்ராஜெயா என்ற அழகிய நிர்வாகத் தலைநகரம் எழுந்த நிலம் பிராங் புசார் முதலிய ரப்பர்த் தோட்டங்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்களை டிங்கிலில் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். ஆடு மாடு வளர்த்த இடம், காய்கறி போட்ட கொல்லை, கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாம் ஒரே நாளில் போய்விட, கையில் அடையாள அட்டையும் வாக்குச் சீட்டும் மட்டும் மிஞ்சின. இப்படி நாடெங்கும் நடந்தது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் இந்தியர் உரிமை கேட்டுப் பல்லாயிரவர் திரண்ட ஹிண்ட்ராஃப் பேரணியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மலையகத்தில் நடந்தது நேர் எதிர். வாக்கைப் பறித்தவர்களால் மலையிலிருந்து எல்லோரையும் அகற்ற முடியவில்லை. தேயிலைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது தொழிலாளிக்கு ஓர் அடி நிலம் தரப்படவில்லை. பஞ்சமும் வெளியேற்றமும்தான் வந்தன. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்ட நிலத்தை எடுத்துப் பிறருக்குப் பகிர்வதை எதிர்த்து நின்ற இளைஞர் சிவனு லட்சுமணன் துப்பாக்கிக்குப் பலியானார். அதே ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நாடாளுமன்றம் போனார். மக்கள் ஓரிடத்தில் செறிந்து வாழ்ந்தமையால் அவர்கள் வாக்கு, திரும்பக் கிடைக்கக் கிடைக்க, எடை பெற்றது. எண்பதுகளின் குடியுரிமைச் சட்டங்கள் அந்த எடையால் வந்தவை. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்றதும், அங்கிருந்து ஆசிரியர்களாக ஒரு புதிய தலைமுறை எழுந்ததும் அதே காலம். மலையகப் பிள்ளை இன்று முதல் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை தமிழில் படிக்க முடியும். மலேசியப் பிள்ளை ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டு மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. மலாயில் போதிய தேர்ச்சி பெறாத பிள்ளைகள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. அந்த ஓராண்டில் படிப்பை விட்டவர்கள் பலர்.

ஆக, ஒரு கிளை வாக்கை வைத்துக்கொண்டு இடத்தை இழந்தது. மற்றொரு கிளை இடத்தை வைத்துக்கொண்டு வாக்கை இழந்தது. இரண்டுக்கும் இல்லாதது நிலம். வேலை போனால் வீடும் போகும் என்ற அந்த ஒரு விதி, இரு நாட்டிலும் குடிமகனையும் நாடற்றவரையும் ஒரேபோல் கட்டிப்போட்டது. அரசும் இரு பக்கமும் ஒரே பதிலைச் சொன்னது: தோட்டம் தனியார் நிலம், அதன் வாயிலுக்கு உள்ளே சாலையும் தண்ணீரும் மின்சாரமும் நாங்கள் போட முடியாது. இலங்கையில் பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவு செய்யலாம் என்று சட்டத்தைத் திருத்தியது 2018இல். இதைப் பார்த்த பிறகும், தோட்டத் தமிழன் குடியால் கெட்டான், சோம்பலால் கெட்டான், சேமிக்கத் தெரியாமல் கெட்டான் என்று மேடைகளில் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் திறந்துவைத்தவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

சேமிக்கத் தெரியாதவர்களா? ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் தொடங்கிப் பல தோட்டங்களை அது வாங்கியது. பால்மரம் வெட்டியவரே பால்மரத்தின் பங்காளி ஆனார். இந்த உரையில் நான் சொன்ன எல்லாவற்றிலும் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான செய்தி இதுதான். அது எல்லாத் தோட்டங்களுக்கும் பரவியிருந்தால் டிங்கில் அடுக்குமாடிகளின் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மலையகத்தில் அப்படி ஒன்று எழ வழியே இல்லை. நாடற்றவர் எந்தப் பெயரில் பத்திரம் எழுதுவார்?

2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த வழியிலேயே மக்கள் நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் காணி உரிமையும் ஒன்று. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்கள் இப்போது இருக்கின்றன. லயத்திலேயே இருப்பவர்கள் அவர்களைவிடப் பலமடங்கு அதிகம்.

எங்கள் குடும்பத்தின் இரண்டு கிளைகளையும் ஓய்வு பெற்ற பின் தேடிப் போனேன். கிள்ளானுக்கு அருகே ஐந்தாம் மாடியில் இருக்கும் அண்ணனுக்கு இப்போது கதவிலக்கம் இருக்கிறது, மாடி எண் இருக்கிறது, அஞ்சல் குறியீடு இருக்கிறது. அவர் பிறந்த தோட்டத்தின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஹட்டன் பக்கத்தில் இருக்கும் தங்கச்சி அதே தோட்டத்தில், அவள் அப்பத்தா இருந்த அதே லயத்தில் இருக்கிறாள். அவளுக்கு வரும் கடிதங்கள் இன்றும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகின்றன. மகளுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் ஆபீசிலேயே கிடந்து, தேதி கடந்த பிறகு கைக்கு வந்ததை அவள் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. புறப்படும்போது ஒரு தாளில் தன் முகவரியை எழுதிக் கொடுத்தாள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஹட்டன். சற்று யோசித்துவிட்டு, மேலே தன் பெயருக்குப் பக்கத்தில், லயத்தில் இடமிருந்து நான்காம் வீடு என்று சேர்த்தாள்.