பள்ளி வேன் போன பிறகு ஒரு மணி நேரம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் 'பி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மைக் பிடித்துப் பழக்கமில்லாதவள் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து வீடு வந்தேன். ஆனால் இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. தலை பின்ன முடியவில்லை. அலமாரி மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "கையை அசைக்காதே, வீங்கிடும்" என்றார்கள். ஆறு மாதம் கையை மடியிலேயே வைத்திருந்தேன். தோள் இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆபரேஷனில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சிலருக்கு எடுத்துவிடுவார்கள். மடை அடைத்த வாய்க்கால் மாதிரி, கையிலிருந்து வடிய வேண்டிய நீர் தேங்கி வீங்கலாம். அதனால் கைக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள்.

1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். கை வீங்கும் என்று எல்லாரும் பயந்தது நடக்கவில்லை. அந்தப் பெண்கள் படகை விட்டு இறங்கவும் மனமில்லாமல் குழுவாகத் தொடர்ந்தார்கள். இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 2009-இல் அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் நடந்த ஆய்விலும், மேற்பார்வையில் மெதுவாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை.

நமக்குப் படகு வேண்டாம். நம் குளமே போதும். கழுத்தளவு நீரில் நின்றால் உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் காலுக்குத் தெரியும். கையும் அப்படித்தான், தானாக மிதந்து மேலே வரும். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடும். ஆகவே தொங்கும் கையில் விரல் நுனியில் அதிகமும் தோளில் குறைவுமாக அழுத்தம் விழுந்து, தேங்கிய நீரை உடம்புப் பக்கம் தள்ளும். மெதுவாக அசைத்தால் நீர் மெதுவாகத் தடுக்கும், வேகமாக அசைத்தால் பலமாகத் தடுக்கும். எவ்வளவு பாரம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. நம் குளம் நாலடிதான். முழங்காலை மடக்கி நின்றால் தோள் நனையும்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லி, போன வருஷம் ஒரு மத்தியானம் மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்கினேன். கை காது வரை வந்தது. சின்ன வயதில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் குதித்த பெண் நான். அன்றைக்குத் தண்ணீருக்குள் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் ஒருவர் கேட்டார்: "இது தண்ணீரில் பரவாதா? பிள்ளைகள் குளிக்கிற இடமாச்சே." அதோடு நின்றுவிட்டேன். கேட்டவர் மேல் கோபமில்லை, பயத்தில் கேட்டார். அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். புற்றுநோய் தண்ணீரிலும் பரவாது, தொட்டாலும் பரவாது.

நான் பேசப்போவது தெரிந்ததும் நம் குடியிருப்பிலேயே இன்னும் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும்தான்" என்றார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு மூன்று பேரும் தனித்தனியாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், பள்ளி வேன் போன பிறகு காலை ஒன்பதரை முதல் பத்தரை வரை குளத்தைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். சுற்றிலும் மேலேயும் பச்சை வலை கட்டிக் கொடுங்கள். கரையில் நீச்சல் தெரிந்த ஒரு பெண் நிற்கட்டும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஹெச் 7.2 முதல் 7.8 இருக்கிறதா என்று அன்றன்று பார்க்க வேண்டும். திண்டுக்கல்லில் தண்ணீரின் அருமை தெரியாதவரில்லை. ஒரு குடம்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. இருக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம்தான் கேட்கிறோம்.

சேர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. டாக்டர் சம்மதம் இல்லாமல் இறங்காதீர்கள். புண் முழுசாக ஆறியிருக்க வேண்டும். கீமோ, ரேடியேஷன் நடக்கும்போது வேண்டாம். முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தொடங்குங்கள். சூடான நீர் ஆகாது. வீக்கத்துக்கு அழுத்த உறை போடுகிறவர்கள், வெளியே வந்து நன்றாகத் துடைத்ததும் போட்டுக்கொள்ளுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

எழுந்து வந்து பெயர் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு நான் குளத்துப் படியில் இருப்பேன். வந்து பக்கத்தில் உட்காருங்கள், போதும்.