பரோட்டா மாஸ்டரின் கை

குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி எடுத்தால் அடுத்துப் போய் நிற்கிற இடம் பிரானூர் பார்டர். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் வந்த பெயர் அது. எல்லை மேற்கே போய்விட்டது, பரோட்டாக் கடைகள் அங்கேயே இருக்கின்றன. சீசன் நாட்களில் அந்தக் கடைகளில் கல் சூடு தணிவதே இல்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கிற மாஸ்டருடைய கை வெந்துபோனால் அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர் நான். தீக்காயத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "தப்பு என் மேலதான் சார், நான்தான் கவனிக்கல." அங்கேயே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். வேலையில் காயம் பட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்கிற சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. முதலாளி தப்பு செய்தாரா என்று அது கேட்பதில்லை. வேலையின்போது, வேலையால் காயம் பட்டதா என்பதுதான் கேள்வி. குடித்திருந்தால், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தால் சிக்கல் வரும். அப்போதும்கூட, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்திருந்தால் முதலாளி பணம் கட்டியே ஆக வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. இந்த அடிப்படை மாறவில்லை.

இனி கைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமான இடம் இது. சட்டத்தில் ஒரு அட்டவணை உண்டு. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், இரண்டு கையும் போனால் 100 சதவீதம் என்று எழுதியிருக்கும். வெந்த கை அந்த அட்டவணையில் இல்லை! ஐந்து விரலும் இருக்கிறதே, பிறகென்ன நஷ்டம் என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஒரு மாஸ்டர் என்னிடம் வந்தார். சால்னாச் சட்டி சரிந்து வலது கையில் கொட்டியிருந்தது. புண் ஆறி, தோல் மூடிவிட்டது. "கை ஆறிட்டு சார், ஆனா வீச வரமாட்டேங்கு" என்றார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். உருண்டையைத் தட்டி, எண்ணெய் தொட்டு, வேட்டி உலர்த்துகிற மாதிரி காற்றில் வீசுவார்கள். சுட்டு எடுத்ததும் நாலைந்தைச் சேர்த்து இரண்டு உள்ளங்கையாலும் அடித்து உதிர்ப்பார்கள். விரல் முழுசாக விரிந்தால்தான் அதெல்லாம் நடக்கும். இவருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கி நின்றுவிட்டன.

விசாரணையில் டாக்டரிடம் நான் அதிகம் கேட்கவில்லை. இந்தக் கையால் பரோட்டா வீச முடியுமா என்று மட்டும் கேட்டேன். டாக்டர் அவரைக் கையை விரிக்கச் சொன்னார், கொஞ்ச நேரம் பார்த்தார், முடியாது என்றார். சட்டம் அளப்பது தழும்பின் நீள அகலத்தை அல்ல, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதைத்தான். இதற்கு வழிகாட்டி 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே இழப்பு முழு இழப்புதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விபத்து நடந்த அன்றைக்கே அந்தப் பணம் அவருக்குச் சேர வேண்டியதாகிவிட்டது என்றும் சொன்னது.

கணக்கு எப்படி என்று கேட்பீர்கள். 30 வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. திறனில் 40 சதவீதம் போயிருந்தால் 7,48,728. சிகிச்சைக்கு ஆன செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும் ஏறும்.

அதனால்தான், புண் ஆறின கையோடு பத்தாயிரம் இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தீக்காயத் தழும்பு மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். விரல் மடங்குவது பிறகுதான் தெரியும். உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கிய காகிதம் சட்டத்தின் முன் செல்லாது. ஆனால் காத்திருக்கவும் ஒரு வரம்பு உண்டு: விபத்து நடந்த 2 வருஷத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

இன்னொன்றை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் முதல் நாள் எழுதுகிற விபத்துப் பதிவேடு. "வீட்டுல அடுப்பு பத்திக்கிட்டுன்னு சொல்லு, செலவ நான் பாத்துக்கிடுதேன்" என்று முதலாளி காதில் சொல்லியிருப்பார். வலியில் இவரும் அப்படியே சொல்லிவிடுவார். பிறகு அந்த ஒற்றை வரியோடு நான் வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வேலை பார்த்த இடத்தில் பட்ட காயம் என்று சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். கூட்டிப்போகிற வீட்டுக்காரம்மா சொன்னாலும் போதும். நியமனக் கடிதம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். முதலாளி ஜிபேயில் போட்ட சம்பளம் உங்கள் போனில் இருக்கும், கூட வேலை பார்த்தவர் சாட்சி சொல்லலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு செய்தி. ஆரியங்காவு தாண்டிப் புனலூரிலும் கொல்லத்திலும் ஓட்டல் வேலைக்கும் சிப்ஸ் போடவும் எத்தனை பேர் போகிறார்கள்! சிப்ஸ் சட்டியில் உப்புத் தண்ணீர் தெளிக்கும்போது எண்ணெய் எப்படிச் சீறும் என்று அவர்களுக்குத் தெரியும். காயம் கேரளத்தில் பட்டாலும், குடியிருப்பு இங்கே என்றால் வழக்கை இங்கேயே போடலாம். காசு செலவழித்துக் கொல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை. 1995-ல் வந்த திருத்தம் தந்த வசதி இது.

விருதுநகர் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் 2021 பிப்ரவரியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தபோது நாடே பார்த்தது, நிவாரணம் அறிவித்தார்கள். ஒரு கடையில் ஒருவர் கை வெந்தால் யாரும் அறிவிக்க மாட்டார்கள். நாமேதான் கேட்க வேண்டும்.

நேரம் ஆகிறது, சுருக்கிக்கொள்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடை என்றால் ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் இந்த வழக்கு கிடையாது, காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ.யிலேயே சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும், சேர்ந்து எத்தனை நாள் ஆனாலும் சரி. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். இந்த உரையை இப்போது எங்கேயாவது ஒரு பரோட்டாக் கடையில் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த எண்ணைச் சுவரில் ஒரு ஓரமாக எழுதி வையுங்கள் மாஸ்டர்.