வீட்டில் இரத்த அழுத்தம் அளக்கும் முறை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், 'பிரஷர்' என்று யாவரும் வழங்கும் இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பிழையின்றி அளந்தறியும் முறையாகும். பொத்தானை அழுத்தினால் யந்திரம் எண்ணைக் காட்டிவிடுகிறதே, இதற்கொரு பிரசங்கம் வேண்டுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் பொருட்டு, நம் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலிற் கூறுகின்றோம்.

பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி நெய்துவரும் அவருக்கு வயது அறுபதுக்கு மேல். பல்லாண்டுகளாக மாத்திரை உட்கொண்டு சுகமாயிருந்தவர். வெளியூரிலுள்ள மகன் அன்புடன் ஒரு யந்திரம் வாங்கியனுப்பினான். அப்போது முகூர்த்த காலம். சேலையை முடித்துக் கொடுக்கும் அவசரம். ஒருநாள் இரவு, கூலி விஷயமாக வாக்குவாதம் செய்து திரும்பியவர் காப்பி அருந்தினார். உடனே தரையிற் சம்மணமிட்டமர்ந்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, மகனோடு தொலைபேசியிற் பேசிக்கொண்டே அளந்தார். 172 என்று காட்டிற்று. பயந்துபோய் மீண்டும் மீண்டும் அளந்தார். எண் ஏறிற்றேயன்றி இறங்கவில்லை. வைத்தியரைக் கேளாமலே மாத்திரை இரண்டை அதிகமாக விழுங்கிப் படுத்தார். விடியலில் எழுந்தவர் தலைசுற்றித் தறிக்குழியின் ஓரத்தில் விழ, தொடையெலும்பு முறிந்தது. நான்கு மாதம் அவ்வீட்டில் தறியோசை கேட்கவில்லை.

பின்னர் ஒரு வாரம் முறைப்படி அளந்தபோது சராசரி 132/82 என வந்தது. பழைய மாத்திரையே அவருக்குப் போதுமானதாயிருந்தது. அவரை வீழ்த்தியது பிழையான அளவேயாம்.

அளவின் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பட்டு நூலை நிறுத்து வாங்கி, நெய்த சேலையை நிறுத்துக் கொடுப்பது நம் தொழில். பட்டோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மழைநாளில் எடை கூடிக் காட்டும். தராசின்மேல் குற்றமில்லை, நிறுத்த வேளையின்மேலேயே குற்றம். இரத்த அழுத்தமும் நாழிகைக்கு நாழிகை மாறுவது. கோபம், ஓட்டம், காப்பி, புகையிலை, அடக்கிய சிறுநீர் யாவும் அதனை உயர்த்தும்.

1896-ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சி என்பவர், புயத்திற் பட்டை சுற்றிக் காற்றேற்றி அளக்கும் கருவியை வெளியிட்டார். 1905-இல் ருஷ்ய வைத்தியர் கொரட்காவ், நாடியின் ஓசையைக் காதாற் கேட்டு மேலெண், கீழெண் இரண்டையும் அறியும் வழியைக் கண்டார். மேலெண் இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழெண் அது தளரும்போது உள்ளது. இக்காலத்து வீட்டு யந்திரமோ, பட்டையில் எழும் நாடியின் அதிர்வைக் கொண்டு கணக்கிடுகிறது. ஆகையால் அளக்கும்போது பேசினாலும் கையை அசைத்தாலும் கணக்குக் கெடும்.

இனி முறையைக் கூறுவோம். மணிக்கட்டில் அணியும் யந்திரத்தைவிடப் புயத்தில் அணிவதே நம்பத்தக்கது. புயத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அதற்கேற்ற பட்டையை வாங்குக. பருத்த கைக்குச் சிறு பட்டை கட்டினால் எண் கூடிக் காட்டும். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பி, புகையிலை, தறிவேலை மூன்றும் ஆகா. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாயும்படி நாற்காலியில் அமர்ந்து, காலின்மேற் காலிடாமல், பாதங்கள் தரையிற் படிய, ஐந்து நிமிஷம் மௌனமாயிருத்தல் வேண்டும். பட்டை வெறும் புயத்தில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே அமைக. கையை மேஜைமேல் இருதய மட்டத்தில் வைத்திடுக. கை அதற்கு 10 செண்டிமீட்டர் தாழ்ந்தால் எண் ஏறக்குறைய 7 கூடும். உயர்ந்தால் அவ்வளவு குறையும். முதல்முறை இரு கைகளிலும் அளந்து, எதில் அதிகமோ அக்கையிலேயே பின்னர் அளந்து வருக.

காலையில் ஆகாரத்துக்கும் மாத்திரைக்கும் முன் இருமுறை, மாலையில் இருமுறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷ இடைவெளி விட்டு, ஏழு நாள் அளந்து நோட்டில் எழுதுக. முதல் நாள் எண்களை நீக்கினால் 24 அளவுகள் எஞ்சும். அவற்றின் சராசரியே உண்மையான கணக்கு. வைத்தியசாலையில் 140/90 எல்லையென்றால், வீட்டளவில் 135/85 எல்லையாகக் கொள்வர். வைத்தியரைக் கண்டமாத்திரத்தில் எண் ஏறுவோரும் உளர்; அங்கே சரியாயிருந்து வீட்டில் ஏறுவோரும் உளர். இவ்விருவகையாரையும் அந்நோட்டே வைத்தியருக்குக் காட்டிக்கொடுக்கும். நாடி ஒழுங்கின்றித் துடிப்போர்க்கு யந்திரம் பிழைபடக்கூடுமாதலின், அவர்கள் வைத்தியரையே நாடுக.

எண் நன்றாக வந்ததெனக் கண்டு மாத்திரையை நிறுத்துவோர் நம்முள் பலர். அந்நன்மை மாத்திரையால் வந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியர் பொறுப்பு. வைகாசிக் கருடசேவை நெரிசலில் நின்று வந்த களைப்போடு அளந்து கலங்குவதும் வேண்டா. 180/120-க்கு மேற் காட்டினால், ஐந்து நிமிஷம் அமைதியாயிருந்து மறுபடி அளந்து பார்க்க. அப்போதும் இறங்காவிடின் அன்றே வைத்தியரிடம் செல்க. மார்வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் இவற்றுள் ஒன்று தோன்றினாலோ, எண்ணைப் பாராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும்.

யந்திரம் வாங்க வசதியற்றோர் மனந்தளர வேண்டா. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி, பெண் தன்னார்வலர்கள் இல்லந்தேடி வந்து அழுத்தம் பார்த்து மாத்திரையும் தருகின்றனர். அவர்கள் வரும்போது வேலையை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் அமர்ந்திருப்பது நம் கடமை.

அன்பர்களே! நமது தறிகளில் இழை ஒன்று தப்பினாலும் கண்டுபிடித்து முடியும் கண்கள் நமக்குண்டு. அக்கவனத்தில் சிறிது நம் தேகத்துக்கும் செலுத்துவோமாக. படித்த பிள்ளைகள் இம்முறையைத் தங்கள் வீட்டுப் பெரியோர்க்கு இவ்வாரமே செய்துகாட்டுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.