மலையில் தங்கிய ரேகை
(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



சென்ற தவணையில் உயர்தர வகுப்பிலே சங்க இலக்கிய உவமைகளைப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். பெண்களின் விரலுக்குக் காந்தள் பூவை உவமை சொல்வது நம் புலவர்களின் மரபு. அதை விளக்கிக் கொண்டிருக்கையில், நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து, "சேர், எங்க அம்மாவோட விரலுக்கு எந்தப் பூவைச் சொல்றது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் கொழுந்து பறித்த ஒரு தாயின் பிள்ளைதான். அந்தக் கேள்விக்குரிய பதிலையே இன்று உங்களோடு சேர்ந்து தேடலாமென்று வந்திருக்கிறேன்.

இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்பது கொழுந்தின் இலக்கணம். பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் பிடித்து ஒடிக்க வேண்டும். இளசா, முற்றலா என்பதைக் கண்ணை விட விரல் நுனிதான் முந்திச் சொல்லும். தடித்த கையுறை போட்டால் அந்த உணர்ச்சி போய்விடும். ஒரு கொழுந்து ஏறத்தாழ ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பேர் போடுவதற்குப் பதினெட்டுக் கிலோ கேட்டால், அன்றைக்கு அந்த இரண்டு கைகளும் 18,000 கொழுந்துகளைச் சேர்த்தாக வேண்டும்.

இலையின் சாறு விரலில் பட்டுக் காற்றிலே கறுக்கும். ஆலையில் பச்சைக் கொழுந்து நிறம் மாறித் தேயிலையாவதும் இதே மாற்றத்தால்தான். எங்கள் அம்மாவின் விரல்களும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலையாகிக் கொண்டிருந்தன. மழை நாளில் தோல் ஊறி உரியும். வெயில் நாளில் காய்ந்து வெடிக்கும். சோறு பிசைகையில் உப்பும் மிளகாயும் அந்த வெடிப்பில் ஏறும். அம்மா கண்ணை மூடிக்கொள்வார். எங்களுக்கு உருட்டிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தமாட்டார்.

ஊவாவுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஆடி, ஆவணியில் வரண்ட கச்சான் காற்றாக இங்கே இறங்கும். அந்த வரட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் வாசனை பிறக்கிறது. அந்த வாசனையில் மீதைல் சலிசிலேற் என்ற பொருளுக்கு முக்கிய பங்குண்டு. நோவுக்குத் தேய்க்கும் தைலங்களில் மணப்பதும் அதே பொருள்தான். தேயிலைக்கு மணம் கொடுக்கும் அந்தக் காற்றே விரல் நுனியையும் பிளக்கிறது. தைலத்தின் மணம் எங்கோ ஒருவரின் கோப்பைக்குப் போய்விடுகிறது. வெடிப்பு லயத்துக் காம்பராவிலேயே இருந்துவிடுகிறது.

மேல்நாடுகளில் பாறை ஏறுவதை விளையாட்டாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். விரல் நுனித் தோலே அவர்களுக்கு மூலதனம். வியர்வைக்கு வெள்ளைத் தூள் பூசுவார்கள். இறங்கியதும் அதைக் கழுவிவிடுவார்கள். தடித்த காய்ப்பை அரத்தால் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். இரவில் மெழுகுத் தைலம் தடவுவார்கள். தோல் சிவந்து மெலிந்தால், அது தேறும் வரை பாறையைத் தொடாமல் ஓய்ந்திருப்பார்கள். இத்தனையும் அறிவான காரியம்தான். எங்கள் அம்மாவும் இதில் பாதியை அறிந்திருந்தார். பீலிக்கரையில் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். படுக்குமுன் தேங்காய் எண்ணெய் தடவுவார். காலையில் சீலைத் துண்டைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போவார். ஓய்வு என்ற மருந்துதான் அவருக்குக் கிடைக்கவில்லை. அதன் விலை ஒரு நாட்சம்பளம்.

இதைக் கேட்டுக் கொண்டிருக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கழுவிய கையை ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெயோ வசிலீனோ இரவில் தடவுங்கள். வெடிப்பைப் பிளேட்டால் சீவாதீர்கள். புண்ணான கையோடு உரத்தையும் களைகொல்லியையும் தொடாதீர்கள். சீழ் வைத்தாலும், சீனி வியாதி இருந்தாலும், "நாளைக்குப் பார்ப்போம்" என்று இராமல் டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

அம்மாவுக்கு ஐம்பது வயதானதும், சேமலாப நிதி எடுக்க ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தச் சொன்னார்கள். மூன்று தரம் அழுத்தியும் விழுந்தது கறுப்புப் பொட்டு மட்டும்தான். ரேகை தேய்ந்து போயிருந்தது. "ஒழுங்கா அழுத்தும்மா" என்று அதட்டினார் அங்கிருந்தவர். அம்மா கோபப்படவில்லை. "ரேகையெல்லாம் மலையில இருக்குங்க ஐயா" என்றார். கடைசியில் இடது கையின் சிறுவிரலை எடுத்து வேலையை முடித்தார்கள். படித்த நான் பக்கத்தில் நின்றும் ஒரு சொல் பேசவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

1914இல் மடக்கும்புரையில் பிறந்து 1984இல் மறைந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். எழுதத் தெரியாதவர்களின் குரல் அவரால் ஏட்டில் ஏறியது. குரலைக் காப்பாற்றியது போல அந்த விரல்களையும் நாம் எழுத்தில் காப்பாற்ற வேண்டாமா?

மறுநாள் அந்த மாணவியிடம் சொன்னேன்: "மகள், உன் அம்மாவின் விரலுக்கு ஏற்ற உவமையைப் பழைய ஏட்டில் தேடாதே. இன்று இரவு அந்தக் கைக்கு எண்ணெய் தடவிவிடு. தடவும்போது நன்றாகப் பார். பிறகு வந்து நீயே எழுது."

திங்கட்கிழமை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் உவமை ஒன்றும் இருக்கவில்லை. எந்த விரலில் எத்தனை வெடிப்பு என்று எண்ணி எழுதியிருந்தாள். வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.