அச்சத்தைச் சொல்லும் சொற்கள்



சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில் எங்கள் பள்ளி இருக்கிறது. ஒருநாள் கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு பையன் 'நாய் அஞ்சிய பையன்' என்று தலைப்பிட்டான். நாயைக் கண்டு தான் ஓடியதைத்தான் எழுதியிருந்தான். தலைப்போ, அவனைக் கண்டு நாய் அஞ்சியதாகச் சொல்லிற்று! வகுப்பு சிரித்தது. அன்று முதல் அவனுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டப்பெயர். இரண்டு நாள் அவன் தலை நிமிரவில்லை.

பிழை சிறியதுதான். 'அஞ்சிய' என்பது பெயரெச்சம். அது அஞ்சியவனையும் தழுவும். அஞ்சப்பட்ட பொருளையும் தழுவும். 'நாய்க்கு அஞ்சிய பையன்' என்று 'கு' உருபைச் சேர்த்தால் பொருள் தெளிவாகும். இலத்தீன் மொழியிலும் இத்தகைய சொல் உண்டு. 'ஃபோர்மிதோலோசுஸ்' என்னும் பெயரடை அச்சமூட்டுவதையும் குறிக்கும், அச்சப்படுவதையும் குறிக்கும்; இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

தொல்காப்பியர் காலத்திலேயே இவை ஆராயப்பட்டன. அச்சச் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் பொருந்தும் என்றார் அவர். 'பழியை அஞ்சும்', 'பழியின் அஞ்சும்' என்பன உரைகாரர் காட்டு. இன்று 'பழிக்கு அஞ்சும்' என்கிறோம். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இறை என்றால் தலைவன். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற நம் பெரியவர்களுக்கு இந்த நான்காவதை விளக்க வேண்டியதில்லை.

பெயரெச்சம் காலமும் காட்டும். அஞ்சிய பிள்ளை, அஞ்சுகின்ற பிள்ளை, அஞ்சும் பிள்ளை. எதிர்மறையில் அஞ்சாத பிள்ளை. நேற்று அஞ்சியவன் நாளை அஞ்சாதவன் ஆகலாம். 'பயந்தாங்கொள்ளி' என்ற பெயருக்கோ காலம் கிடையாது, ஒட்டினால் ஒட்டியதுதான். இதை வகுப்பில் விளக்கிய பிறகே பட்டப்பெயர் ஓய்ந்தது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை "பயமாயிருக்கிறது" என்றால் பட்டம் சூட்டாதீர்கள். "எதற்கு அஞ்சுகிறாய்?" என்று கேளுங்கள். அந்தக் 'கு' உருபுக்கு முன்னே நிற்பது நாயாக இருக்கலாம், கணக்குப் பாடமாக இருக்கலாம், ஆசிரியர்களாகிய நாங்களாகவும் இருக்கலாம். தெரிந்தால்தானே நாங்களும் திருந்துவோம்!